மாடியில் காய்ந்த கொடிகள்

எங்கள் தெருவில் கடல் பக்கமாக யாரும் கை நீட்டிக் காட்டமாட்டார்கள். மோவாயால்தான் காட்டுவார்கள். மழை எங்கே கட்டியிருக்கிறது, மீன் விற்கிறவன் எங்கே நிற்கிறான், பிள்ளை எந்தப் பக்கம் ஓடியது, எல்லாவற்றுக்கும் மோவாய்தான். தெருச் சரிவு முடிகிற இடத்தில் படகுத்துறை. அதற்கு வலப்புறம் ஒரு கல்சுவர் கடலுக்குள் நீண்டு போகிறது. சுவருக்கு அப்பால் போர்க்கப்பல்கள் நிற்கின்றன. சுவர் முனையில் கோபுரம், அதில் எந்நேரமும் ஆள், ஆள் கையில் தொலைநோக்கி. அவன் பார்க்கிற நேரத்தில் நம் விரல் அவன் பக்கம் நீண்டிருக்கக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதிப்போடவில்லை. வேறு ஊரிலிருந்து கல்யாணமாகி வருகிற பெண்களுக்கு இது பழகக் கொஞ்ச நாளாகும். அதுவரை மாமியார்கள் அவர்கள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

என் தங்கையின் வீடு சரிவின் நடுவில் இருக்கிறது. என் வீடு சற்று மேலே. தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மகளுக்குக் கல்யாண வயது வந்த பிறகும் அவர் எனக்கு மாப்பிள்ளைதான். படகுத்துறையில் வழிகாட்டிப் படகு ஓட்டுகிறார். தூரதேசங்களிலிருந்து பாய்மரப் படகில் வருகிறவர்கள் நேரே துறைக்குள் நுழைந்துவிட முடியாது. வெளியே மஞ்சள் மிதவைக்கருகில் நின்று ரேடியோவில் கூப்பிட வேண்டும். சுவருக்கு அப்பால் உள்ள கடற்படைத் தளத்திலிருந்து அனுமதி வந்ததும் மாப்பிள்ளை போய், கேமராவை எல்லாம் உள்ளே வைக்கச் சொல்லி, சுவரை விட்டு விலகிய நீரில் அவர்களை மெதுவாக அழைத்து வருவார். துறையில் கயிற்றை வாங்கிக் கட்டுவதும் அவர்தான். கயிறு கட்டுவதில் அவருக்குக் கர்வம் உண்டு. புயலில் துறையின் பலகை பெயர்ந்தாலும் பெயரும், அவர் போட்ட முடிச்சு அவிழாது.

தங்கையும் அவள் மகளும் அந்தப் படகுகளின் துணியைத் துவைத்துக் கொடுக்கிறார்கள். கடலில் கிடந்த துணியைத் துவைப்பது தனி வேலை. உப்பேறி அட்டை மாதிரி நிற்கும். நல்ல தண்ணீரில் அலசி அலசி உப்பை எடுத்தால்தான் சோப்பு நுரைக்கும். எங்கள் அம்மா காலத்திலிருந்தே இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு. பையில் என்ன வந்தாலும் துவைத்துத்தான் திருப்பிக் கொடுப்பது. கேள்வி கேட்பதில்லை, பிரித்து ஒதுக்குவதில்லை. ஒருமுறை யாரோ தோல் பர்ஸைத் துணியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். தங்கை அதையும் துவைத்து, சுருங்கிய பர்ஸை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வாங்கியவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் வீட்டில் பேச்சுண்டு. ஆனால் "அந்த வீட்டுக்குப் போன பை அழுக்கோடு திரும்பாது" என்று துறை முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பேரை நாங்கள் சும்மா சம்பாதிக்கவில்லை.

நான் சொல்லவந்த விஷயம் நடந்ததற்கு முந்தின நாள் ஒரு நீல நிறப் படகு வந்து சேர்ந்திருந்தது. வயதான கணவனும் மனைவியும் மட்டும். வழியில் பெருங்காற்றில் சிக்கி, உள்ளே தண்ணீர் புகுந்து, படுக்கை முதல் பாத்திரம் வரை நனைந்திருந்தது. அந்த அம்மாள் கைக்கு அகப்பட்டதை எல்லாம் பையில் திணித்துக் கொடுத்திருந்தாள். விரிப்புகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே ஒரு துணிச் சுருள். அதற்குள் வரிசையாகப் பைகள். பைகளுக்குள், கப்பலுக்குக் கப்பல் சேதி சொல்லப் பறக்கவிடுகிற சின்னச் சின்னக் கொடிகள். மஞ்சள், நீலம், சிவப்பு, கட்டம் போட்டது, குறுக்கே கோடு போட்டது. எல்லாவற்றிலும் பூஞ்சை.

தங்கை மகளுக்கு நண்டு என்று பேர். சிறுவயதில் காய்கிற துணிகளுக்கு நடுவே பக்கவாட்டில் ஓடுவாள் என்பதால் வந்த பேர். நண்டு கொடிகளைத் துவைத்தாள். பின்கட்டில் கயிறு எல்லாம் விரிப்புகளால் நிறைந்துவிட்டதால் மொட்டைமாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து டிஷ் கம்பிவரை ஒரு கயிற்றைக் கட்டி, கொடிகளைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். அந்தப் பக்கம்தான் வெயில் நன்றாக விழும். அந்தப் பக்கம்தான் சுவரும் கோபுரமும்.

மாப்பிள்ளை அப்போது மிதவையருகே இருந்தார். வேறொரு படகு அனுமதிக்காகக் காத்திருந்தது. அன்று காலையிலிருந்தே தளத்தின் ரேடியோவில் குரல் ஒரு மாதிரியாக இருந்ததாம். பெரிய கப்பல் ஒன்று புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. ஏன் அனுமதி தாமதமாகிறது என்று திரும்பிக் கரையைப் பார்த்தவர், தன் வீட்டு மாடியில் கப்பல் கொடிகள் வரிசையாகப் பறப்பதைக் கண்டார். முதலில் அது தன் வீடு என்று புரியவில்லையாம். புரிந்ததும் வந்த படகை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு வந்தார். அதுவும் தவறுதான், அதற்கு முன் அவர் எந்தப் படகையும் நடுவில் விட்டதில்லை. தெருவில் ஓடினார். மாடிப்படியில் ஓடினார். கயிற்றோடு கொடிகளைப் பிடுங்கிச் சுருட்டித் தொட்டிக்குப் பின்னால் போட்டார். இத்தனையையும் கோபுரத்தில் இருந்தவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தங்கை அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மூச்சிரைக்க இறங்கி வந்து, விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, ஜீப் வந்து நின்றது. சீருடைக்காரர்கள் வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்தார்கள். சத்தம் போடவில்லை. ஒருவன் நேரே மாடிக்குப் போய்க் கொடிகளை அள்ளிக்கொண்டு வந்தான். இன்னொருவன் யார் இதைக் கட்டியது என்று கேட்டான்.

நண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் மாப்பிள்ளை முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் போட்டேன்."

நண்டு என்னைப் பார்த்தாள். பேசாதே என்று நான் கண்ணால் சொன்னேன். வயதுப் பெண் தளத்தின் இரும்புக் கேட்டுக்குள் போய்வந்தாள் என்ற பேச்சு எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். மாப்பிள்ளை ஒரு ஆண்பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அவரை அழைத்துப் போனார்கள். செருப்புப் போட்டுக்கொள்ள நேரம் தரவில்லை.

ஜீப் போனதும் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. அதற்கு அடுத்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. தினமும் சோப்புக் கடன் வாங்க வருகிற பக்கத்துவீட்டுக்காரி, தன் வீட்டுக் கயிற்றில் இருந்த ஈரத்துணியை அவசரமாக உருவிக்கொண்டு உள்ளே போனாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். பயம் வந்தால் மனுஷருக்குக் கை முதலில் தன் பொருளைத்தான் தேடும்.

நீலப் படகிலும் காவல் போட்டிருப்பதாகத் துறையில் வேலை செய்கிற ஒருவன் போகிற போக்கில் சொல்லிவிட்டு, நின்றால் பார்ப்பார்களே என்று நடையைக் கட்டினான். அந்த வயதானவர்கள் உள்ளே உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்களாம். அவர்கள் யார், எதற்கு வந்தவர்கள் என்று நமக்கு என்ன தெரியும் என்று எனக்கும் ஒரு நினைப்பு வந்தது. அந்த அம்மாள் வேண்டுமென்றே திணித்திருந்தால்? நினைப்பை வெளியே சொல்லவில்லை. சொல்லாமலே அது கூடத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்தது.

வறுத்த மீன் தட்டிலேயே ஆறிப்போனது. நண்டு பின்கட்டில் குந்தி, துவைத்து முடித்த தலையணை உறையை மறுபடியும் துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வழிந்து ஓடியது. யாரும் குழாயை மூடச் சொல்லவில்லை.

தங்கை மீன் தட்டை மூடி வைத்தாள். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவருக்குத் துணி காயப்போடத் தெரியாது."

"அதனால என்ன?"

"எப்படிப் போட்டேன்னு கேப்பாங்க. இவரு என்ன சொல்லுவாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை ஒரு துண்டைப் பிழிந்ததில்லை. குளித்துவிட்டு வந்தால் துண்டு நாற்காலியில் கிடக்கும். ஒரு தடவை மழை கொட்டும்போது, துணி நனைகிறது துணி நனைகிறது என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாராம், எழுந்திருக்கவில்லையாம். இதைச் சொல்லித் தங்கை எத்தனையோ நாள் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிக்கவில்லை.

"தெரியாம முழிப்பாரு. இவரு என்னமோ மறைக்கிறாருன்னு நெனைப்பாங்க. அண்ணே, நான் அவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

கூடாது என்றேன். நம் வீட்டுப் பெண் அந்தக் கேட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, ஊர் நாலு விதமாகப் பேசும், நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்றேன். என்ன பேசுவாய் என்று கேட்டாள். மறுபடியும் கூடாது என்றேன்.

"என் வீட்டு ஆம்பள செருப்பில்லாம உள்ள இருக்காரு. அது உனக்குக் கௌரவமா இருக்கா?"

தங்கை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன். நண்டு ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நான்தானே மாமா போட்டேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அவள் கை விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கி, கிழவி விரல் மாதிரி வெளுத்திருந்தன.

நான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். இஸ்திரி போட்ட சட்டை. போகக் கூடாது என்று சொன்னவன்தான். ஆனால் போவதென்று ஆனபின் என் வீட்டுப் பெண்கள் ஆள் துணையில்லாமல் போனார்கள் என்று இருக்கக் கூடாது. தங்கை ஒரு பையில் மாப்பிள்ளையின் செருப்பை எடுத்துக்கொண்டாள்.

தெருவில் இறங்கி நடந்தபோது கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது தெரிந்தது. யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. எங்கள் தெருவில் அப்படிக் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான். கேட்டில் காவலாளி என்ன வேண்டும் என்றான். நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் தங்கை சொல்லிவிட்டாள்:

"கொடி காயப்போட்டவங்க வந்திருக்கோம்னு சொல்லுங்க."

அவன் கை துப்பாக்கியில் இடம் மாறியது. ஃபோனில் பேசும்போதும் எங்கள்மேல் இருந்த கண்ணை அவன் எடுக்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். செருப்பு இருந்த பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார்கள். நண்டு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது அங்கே இருந்தது அதுவரை அவளுக்கே தெரியாது. அதையும் ஒரு தட்டில் போட்டு எடுத்துப் போனார்கள்.

அறையில் ட்யூப்லைட் எரிந்தது, பகலாயிருந்தும். மேஜைமேல் கொடிகள் ஈரத்தோடு குவிந்திருந்தன. அறை முழுக்க எங்கள் வீட்டு சோப்பு வாசனை. மாப்பிள்ளை ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்; வெறுங்கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார். அதிகாரி சின்ன வயசுக்காரர். எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவர் மரியாதையாகப் பேசப் பேச எனக்குப் பயம் கூடியது.

நண்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தே? சார், நான்தான் சார் போட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றார் அதிகாரி. எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டதற்கு, ஒவ்வொரு கொடிக்கும் முடிச்சுப் போட்டுக் கட்டியதாகச் சொல்லியிருக்கிறார். எந்த முடிச்சு என்று கேட்டதற்கு ஒரு கயிற்றை வாங்கிப் போட்டே காட்டியிருக்கிறார். பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான். அதிகாரி ஒரு படத்தை மேஜையில் தள்ளினார். கோபுரத்திலிருந்து எடுத்தது. எங்கள் மாடி. தொட்டியின்மேல் ஒரு காகம்; காகத்தின் கண்கூடத் தெரிந்தது. கொடிகளின் தலையில் ரோஸ் கிளிப்புகள் வரிசையாக இருந்தன. படத்தின் ஓரத்தில் தங்கையின் பழைய நைட்டி ஒன்று, கிழிசல் தைத்த இடத்தோடு. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நான் படத்திலிருந்து முகத்தைத் திருப்பினேன். இத்தனை வருஷமாக அந்த மாடியில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம், பிள்ளைக்குத் தலை வாரியிருக்கிறோம்.

"நான்தான் போட்டேன் சார்," என்றாள் நண்டு.

"இல்ல சார், நான் போட்டேன்," என்றாள் தங்கை. அவளுக்கு ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் மகளைக் கூட்டிவந்தாள். அந்த ட்யூப்லைட்டின் கீழ் மகள் குரலைக் கேட்டதும் வாய் தானாகவே முந்திக்கொண்டது.

அதிகாரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு?"

"பொண்ணோட தாய்மாமன்."

"நீங்களும் போட்டீங்களா?"

"எங்க வீட்டு ஆம்பளைங்க துணி காயப்போடுறதில்ல," என்றேன்.

"அது தெரியுது," என்றார்.

எங்கள் மூவரையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நண்டிடம் கேட்க ஆரம்பித்தார். யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, அந்த அம்மாள் என்ன சொன்னாள், எந்த வரிசையில் போடச் சொன்னாள். வரிசை எதுவும் சொல்லவில்லை, கைக்கு வந்ததைப் போட்டேன் என்றாள். அவர் அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டார். அவள் அதே பதிலை ஒரே விதமாகச் சொன்னாள்.

"கொடின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் தொவச்சே?"

"பையில இருந்துச்சு சார். பூஞ்சை பிடிச்சிருந்துச்சு."

அவர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். சுவர், படகுத்துறை, அதன்மேல் எங்கள் தெரு, வீடுகள் படிப்படியாக. அங்கிருந்து எங்கள் தெருவை நான் பார்த்ததேயில்லை. உங்கள் வீட்டைக் காட்டு, எங்கே நின்று போட்டாய் என்று காட்டு என்றார். நண்டு ஜன்னலருகே போய் மோவாயை நீட்டினாள்.

"கையால காட்டும்மா."

அவள் கை இடுப்புவரை எழுந்தது. அதற்குமேல் வரவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் எழும்பவில்லை. அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

"எங்க தெருவுல கை காட்டமாட்டாங்க சார்," என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"ஏன்?"

என்னவென்று சொல்வது? அதிகாரி எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்தார். திரையை இழுத்து மூடினார்.

படகில் இருந்த அம்மாள் விசாரிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரே வார்த்தைதான் சொல்கிறாள் என்றார். அவசரத்தில் பையில் திணித்துவிட்டேன், துவைக்கிறவர்கள்மேல் தப்பில்லை என்று. நீங்கள் வந்து முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"அவ என் பொண்ணு சார்," என்றார் மாப்பிள்ளை.

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. மாடியில் இனிமேல் கடல் பக்கமாக ஒரு கயிறும் இருக்கக் கூடாது என்றார். கொடிகளைத் திருப்பித் தரவில்லை. நாங்கள் எழுந்தபோது, "போங்க. தேவைப்பட்டா கூப்பிடுவோம்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கடைக்காரர் சில்லறை அப்புறம் தருகிறேன் என்று சொல்வதுபோல.

வெளியே வந்ததும் தங்கை குனிந்து செருப்பை மாப்பிள்ளையின் காலருகே வைத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் தங்கை சொன்னாள், பையில் வந்தது திரும்பிப் போகாமல் இருப்பது இதுதான் முதல் தடவை என்று. அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அது தாண்டிப் போகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம்.

காலையில் நான் இறங்கி வந்தபோது வீட்டு வாசலில் நீலப் படகின் விரிப்புகள் மடித்துத் தயாராக இருந்தன. அவர்களை அன்றைக்கே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். தங்கை துறைக்குக் கொண்டுபோகப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எங்கே என்றேன். மோவாயால் பின்கட்டைக் காட்டினாள்.

பின்கட்டில் மாப்பிள்ளை, வாயில் நாலைந்து கிளிப்பைக் கடித்துக்கொண்டு, ஒரு ஈரப் போர்வையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் மேலேற்றினால் மறுபக்கம் தரையில் புரண்டது. நண்டு பக்கத்தில் வாளியோடு நின்றாள். மாப்பிள்ளை அவளிடம், முதலில் சின்னதா பெரியதா என்று கேட்டார். எது கைக்கு வருகிறதோ அது என்றாள். அப்படிச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஒரு வரிசை சொல்லு என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவேண்டியது, வரவில்லை. யோசித்து ஒரு வரிசை சொன்னாள். அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை இது?" என்றேன்.

கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "மறுபடியும் கூப்பிட்டா இவ போகக் கூடாதுல்ல மச்சான். நானே சரியாச் சொல்லிருவேன்."

தெருவில் ஜீப் ஒன்று ஏறி வந்தது. மூவரும் அப்படியே நின்றோம். போர்வையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டருகே ஜீப்பின் வேகம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு மேலே போனது. அதன் சத்தம் முழுக்க அடங்கும்வரை மாப்பிள்ளையின் கை போர்வையை விடவில்லை.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். தரையில் புரண்ட முனையை எடுத்தேன். ஈரம் இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

"எங்க பிடிக்கணும், சொல்லு," என்றேன் நண்டிடம்.

அவள் இரண்டு கையிலும் கிளிப்பு. மோவாயால் காட்டினாள்.